ஏழுகறிக் குழம்பும் ஏழு கடல் தாண்டி வந்த கிழங்கும்

மார்கழித் திருவாதிரையன்று களிக்குத் துணையாக வைக்கும் குழம்புக்கு ஊருக்கு ஒரு பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஏழுகறிக் குழம்பு என்றும், ஏழு தான் குழம்பு என்றும் சொல்வார்கள். (குழம்பில் போடுகிற காய்த்துண்டுக்குச் சில வீடுகளில் ‘தான்’ என்று பெயர். "இன்னிக்கு என்ன தான் போட்டிருக்கே?" என்று கேட்பது புதிதாக வந்த மாப்பிள்ளைக்குப் புரியாது.) திருநெல்வேலியில் அதுவே தாளகம். இன்னும் தெற்கே போனால் தைப்பொங்கலன்று வைக்கிற பொங்கல் குழம்பாக அது மாறிவிடும். பெயர் எதுவானாலும் உள்ளே கிடப்பது ஒன்றுதான்: அந்தப் பருவத்தில் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கிழங்குகள், கூட ஒன்றிரண்டு காய், கொஞ்சம் மொச்சை அல்லது அவரை, புளி, வறுத்து அரைத்த பொடி.

சேந்தனார் என்னும் அடியவர் தில்லைக் கூத்தனுக்குக் களி படைத்த கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். களிக்குக் கதை உண்டு. குழம்புக்குக் கதை கிடையாது. ஆனால் சரித்திரம் உண்டு. அதுவும் களியின் கதையை விட நீளமான சரித்திரம். அதைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே குடும்பம் நடத்துகிறவர்கள் வீட்டில் ஆண்டுதோறும் இந்த நாளில் ஒரு சின்ன வழக்கு நடக்கும். மார்க்கெட்டில் ஏழு கிழங்கு கிடைக்காது. "ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டினா என்ன?" என்று மருமகள் கேட்பாள். "இங்கிலீஷ் காயெல்லாம் நாளும் கிழமையுமா போடப்படாது" என்று மாமியார் சொல்வாள். பிள்ளைகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். இந்த வழக்கில் யார் கட்சி நியாயம் என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு தீர்க்க முடியுமா என்று பார்ப்போம்.

முதலில் பருவம். சேனையைச் சித்திரை, வைகாசியில் நட்டால் எட்டொன்பது மாதம் கழித்து இலையும் தண்டும் வாடிச் சாயும்போது கிழங்கை எடுக்கலாம். சேம்பும், கூர்க்கை என்று மலையாளத்தில் சொல்கிற சிறுகிழங்கும், வள்ளி வகைகளும் ஏறக்குறைய அதே கணக்கில் மார்கழி, தை மாதங்களில் கைக்கு வரும். ஆகவே கிழங்குக் குழம்பு மார்கழியில் அமைந்தது யாரோ உட்கார்ந்து விதித்த விதியால் அல்ல. அப்போது வீட்டில் இருந்தது அதுதான். தென்மாவட்டங்களில் பொங்கலன்று சூரியனுக்கு முன்னால் கரும்போடும் மஞ்சள் குலையோடும் சேனை, சேம்பு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு என்று வரிசையாகப் பரப்பி வைப்பதும் இதனால்தான். குஜராத்தியர் அதே ஜனவரி 14-ஆம் தேதி உத்தராயணத்துக்கு உந்தியு சமைக்கிறார்கள். அதிலும் கந்தமூலங்கள்தான் பிரதானம். அகமதாபாத்திலும் மும்பையிலும் இருக்கும் நம்மவர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் சாப்பிட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அறுவடையின் இரண்டு முகங்கள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி, மிகப் பழைய கிழங்கு எது? சங்க நூல்களைப் புரட்டினால் வள்ளியும் கவலையும் சேம்பும் கண்ணில் படுகின்றன. புறநானூற்றில் 109-ஆம் பாட்டு கபிலர் பாடியது. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டிருக்கிறார்கள். கபிலர் அவர்களிடம், உங்கள் முற்றுகையால் ஒன்றும் ஆகாது, இந்த மலையில் உழவர் உழாமலே விளைகிறவை நான்கு இருக்கின்றன என்று கணக்குச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வயலைச் சுற்றிப் படை நிறுத்தினால் நெல்லுச் சோறு நின்று போகும். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கை எந்தப் படை மறிப்பது? கிழங்கின் அரசியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

குறுந்தொகையில் (233) கவலைக் கிழங்கு தோண்டிய குழி வருகிறது. குழி நிறையக் கொன்றைப்பூ உதிர்ந்து கிடக்க, அது செல்வர் வீட்டில் மூடி திறந்து வைத்த பொற்பெட்டிபோல் இருக்கிறதாம். அதே நூலின் 76-ஆம் பாட்டில் மலைச்சேம்பின் இலை காற்றில் ஆடுவது யானைக் காதுபோலத் தோன்றுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டக்குடியினர் விருந்தினருக்குப் பலா, வாழை, இளநீர் என்று கொடுத்து, இனிப்பு திகட்டிப் போனால் சேம்பின் முற்றிய கிழங்கையும் கொடுப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. தித்திப்புக்கு மாற்றாகக் கிழங்கு! களிக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்குக் குழம்பு வைக்கிற நம் வீட்டு நாக்கும் அதே கணக்கில்தான் இயங்குகிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாரி மலையின் வள்ளி, கொடியாகப் படர்ந்து மண்ணில் கிழங்கு இறக்கும் பழைய வள்ளி. முருகன் மணந்த வள்ளி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் குழந்தையாகக் கிடந்ததால் அப்பெயர் பெற்றாள் என்று கந்தபுராணம் சொல்வதும் இந்தக் கிழங்கைத்தான். இன்று நாம் கடையில் வாங்குகிற சர்க்கரைவள்ளி அது இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

குழம்பு என்பதன் பழைய நிலை என்ன? சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்திய வரகுண பாண்டியன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டில் கோயிலுக்குப் படைக்கும் அமுது வகைகளில் புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று பிரித்துப் பேசப்படுகிறது. புளிங்கறி என்ற சொல்லைப் பார்த்தாலே புளி விட்டுக் கொதிக்க வைத்த கறி என்பது விளங்கும். இன்றைய குழம்பின் பாட்டி அது. சோழர் கல்வெட்டுகளில் மடைப்பள்ளிக்கு அளந்து கொடுத்த சாமான்களில் மிளகு, சீரகம், கடுகு, புளி எல்லாம் உண்டு. மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. 1492-இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடக்கும்வரை மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டியதில்லை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1510-இல் கோவா போர்த்துகீசியர் கைக்குப் போயிற்று. அதன் பிறகுதான், அவர்கள் கப்பல்கள் வழியாக, அமெரிக்கச் செடிகொடிகள் ஒவ்வொன்றாக இந்தக் கரையில் இறங்கின.

வந்தவற்றுக்கு நம்மவர் பெயர் வைத்த விதம்தான் இந்தக் கதையில் ருசியான பகுதி. புதிதாக வந்த காரமான காய்க்கு மிளகு போன்ற காய் என்ற பொருளில் மிளகாய் என்று பெயர். தித்திப்பான புதுக்கிழங்குக்கு, பழைய வள்ளியின் பெயரோடு சர்க்கரையைச் சேர்த்துச் சர்க்கரைவள்ளி. பிறகு வந்த, குச்சி நட்டால் மரம்போல் வளர்கிற இன்னொரு கிழங்குக்கு மரவள்ளி. இரண்டும் தாவர நூல்படி வள்ளிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பெயர் வைத்தவர்கள் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு விட்டார்கள். பூசணி இனத்தில் புதிதாக வந்ததற்கு மட்டும் பரங்கிக்காய் என்று, கொண்டுவந்தவன் பெயரையே வைத்தார்கள்.

நாம் குடியிருக்கும் ஊர்களின் மொழிகளிலும் இதே நாடகம் நடந்திருக்கிறது. டில்லியில் குளிர்காலத்துச் சாயங்காலங்களில் கரியடுப்பில் சுட்டு எலுமிச்சையும் மசாலாவும் தூவிக் கொடுக்கிறானே ஷகர்கந்தி, அந்தச் சொல்லும் சர்க்கரைக் கிழங்குதான். தமிழைப் பார்த்து இந்தியோ இந்தியைப் பார்த்துத் தமிழோ மொழிபெயர்த்தது என்று சொல்லத் தேவையில்லை. நாக்கு ஒன்று சொன்னதை இரண்டு மொழியும் எழுதிக்கொண்டன. மும்பையில் இன்னும் வேடிக்கை. குஜராத்திக் கடைக்காரரிடம் ரதாளு என்று கேட்டால் ஊதா நிறத்தில் பழைய வள்ளி இனத்துக் கிழங்கை எடுத்துக் கொடுப்பார். பக்கத்து மராட்டியக் கடையில் ரதாளே என்றால் சர்க்கரைவள்ளி வரும். ஒரே சொல், ஒரு மொழியில் பழைய உரிமையாளரிடமே இருக்கிறது, இன்னொன்றில் புதிதாக வந்தவர் எடுத்துக்கொண்டு விட்டார். அதே மும்பையில் படாட்டா என்றால் உருளைக்கிழங்கு. போர்த்துகீசியரும் ஸ்பானியரும் படாட்டா என்ற அந்தச் சொல்லைக் கரீபியத் தீவுகளில் பொறுக்கியபோது அது சர்க்கரைவள்ளியின் பெயராக இருந்தது! வடக்கே ஆலு என்பது சமஸ்கிருதத்தில் பலவகைக் கிழங்குகளுக்கும் பொதுவாக இருந்த பழம்பெயர். உருளைக்கிழங்கு வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. வங்காளிகள் கோல் ஆலு, அதாவது உருண்டை ஆலு என்று அடைமொழி சேர்த்தார்கள். சர்க்கரைவள்ளியை ராங்கா ஆலு, சிவப்பு ஆலு என்றார்கள். நம் உருளைக்கிழங்கும் அந்த உருண்டையிலிருந்து பிறந்த பெயர்தான். (காய்களின் பெயரில் ஊர் மாறினால் ஏமாறத்தான் வேண்டும். டில்லியில் சீதாஃபல் என்றால் பரங்கிக்காய். அதே பெயரை மும்பையில் சொன்னால் சீத்தாப்பழம் கிடைக்கும். மாற்றலாகிப் போன வீட்டில் குழம்புக்குச் சீத்தாப்பழம் வந்து சேர்ந்த கதைகள் நம்மிடையே பல.)

ஆக, திருவாதிரைக் குழம்புப் பானையில் மூன்று கூட்டத்தார் இருக்கிறார்கள். சேம்பும் வள்ளியும் சங்க காலத்திலிருந்தே இருப்பவர்கள். சேனை, வாழைக்காய், அவரை எல்லாம் அவர்களோடு சேர்ந்த பழங்குடிகள். சர்க்கரைவள்ளி, பரங்கிக்காய், காரத்துக்கு மிளகாய் ஆகிய மூவரும் 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட். இவர்களில் உருளைக்கிழங்கும் அமெரிக்காவில் பிறந்ததுதான். ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு கிழங்குகளில் ஒன்று சுவாமிக்குப் படைக்கிற குழம்பில் உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்றுக்கு அனுமதி இல்லை. ஏன்?

பரங்கி என்று பெயரிலேயே அந்நியத்தைச் சுமந்துகொண்டிருக்கிற காய் உள்ளே இருப்பதால், அந்நியம் என்பது காரணமாக இருக்க முடியாது. காரணம் காலமும் வழியும்தான் என்று எனக்குப் படுகிறது. சர்க்கரைவள்ளி யாரும் விழா எடுக்காமல் வந்தது. ஒரு சாண் கொடியைக் கிள்ளி மணற்பாங்கான கொல்லையில் ஊன்றினால் படரும். விதை வாங்க வேண்டாம், கலெக்டரைக் கேட்க வேண்டாம். அது உழவன் கைமாறி உழவன் கைக்குப் போய், மூன்று நூற்றாண்டுகளில் யாருக்கும் அதன் பூர்வீகம் ஞாபகமில்லாமல் ஆகிவிட்டது. உருளைக்கிழங்கின் வருகை வேறு தினுசு. 1819-இல் நீலகிரி ஏறிப் பார்த்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், 1822-இல் உதகமண்டலத்தில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் காய்கறிகளை அந்தக் குளிரில் பயிரிட்டார்கள். உருளைக்கிழங்கு மலையில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. படுகர்கள் அதைப் பெரிய பயிராக எடுத்துச் செய்தார்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. மூட்டை மூட்டையாகச் சமவெளிக்கு இறங்கிற்று. அதாவது நம் பாட்டிகளுக்குப் பாட்டி காலத்தில் அது பங்களாவிலிருந்து வந்த சரக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அது ‘இங்கிலீஷ் காய்’ ஆயிற்று.

கவனியுங்கள், இங்கிலீஷ் காய் என்ற வகையே இங்கிலீஷ்காரன் வந்த பிறகுதான் உண்டாகியிருக்க முடியும். ஆகவே அனாதி காலத்து ஆசாரம் என்று நாம் நினைக்கிற அந்த விலக்கு, மிஞ்சிப் போனால் 200 வருஷத்துப் பழக்கம். சிராத்தச் சமையல் அதைவிடக் கண்டிப்பானது. அதில் மிளகாயையே விலக்கி மிளகை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சமையற்கட்டுக்குள் போனால் கொலம்பஸுக்கு முந்திய தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டதாகத் தோன்றும். அங்கேயும் பல வீடுகளில் சர்க்கரைவள்ளிக்கு மட்டும் தாராளமாக இடம்! கண்டிப்பான வாசற்காரனும் கண்ணயர்ந்த நேரம் ஒன்று இருந்திருக்கிறது.

மாமியார் கட்சிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம். அவர் காப்பாற்றுகிற பொருள் பெரியது. அந்த விலக்கு மட்டும் இல்லாதிருந்தால் சேனையும் சிறுகிழங்கும் நகரத்து வீடுகளிலிருந்து எப்போதோ வெளியேறியிருக்கும். உருளைக்கிழங்கு தோலுரிக்கச் சுலபம், அரிக்காது, எல்லா மாதமும் கிடைக்கும், குழந்தைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். அதோடு போட்டி போட்டுச் சிறுகிழங்கு ஜெயிக்க முடியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாளாவது வேறு வழியில்லை என்று ஆக்கி வைத்ததால்தான் மாதுங்கா கடைகளிலும், டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் நம்மவருக்காக அந்தக் கிழங்குகளைத் தருவிக்கிறார்கள். கேட்பவர் இல்லாத சரக்கை எந்தக் கடைக்காரர் தருவிப்பார்? திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சேனை, சிறுகிழங்கு எல்லாவற்றிலும் நல்ல ரகங்களைத் தேடித் தருகிறது. ஆனால் ரகத்தைக் காப்பாற்றுவது ஆராய்ச்சி நிலையமானாலும், பயிரைக் காப்பாற்றுவது அதை வாங்கிச் சமைக்கிற அடுப்படிதான்.

மரவள்ளி கதை தனி. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை ஆண்ட காலத்தில் அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றபோது கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஏழைகள் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளி. பாரி மலையைப் பற்றிக் கபிலர் சொன்ன கணக்கு இரண்டாம் உலகப் போரிலும் செல்லுபடியாயிற்று. அவ்வளவு உபகாரம் செய்தும் திருவாதிரைக் குழம்பில் அதற்கு இடம் கிடைத்த வீடுகள் குறைவு. பஞ்சத்தில் சாப்பிட்டதைப் பண்டிகையில் போட மனசு வருவதில்லை போலும்.

எதிர்த்திசையில் போன சரக்கு ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளைக்காரன் கேரட்டும் உருளையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நம் மிளகுத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனான். அதில் மாமிசமும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கி முலிகடாணி சூப் என்று மேசையில் வைத்தான். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல்லுக்கு 1784-ஆம் ஆண்டு மேற்கோளே இருக்கிறது. ஹைதர் அலியின் கைதியாகப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஓர் ஆங்கிலேயர், மிளகுத்தண்ணியும் கஞ்சியுமே தங்களுக்குச் சாப்பாடு என்று பாடின பாட்டு அது. மதராஸ் மாகாணத்து வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு ‘மல்’ என்றே பட்டப்பெயர் விழுந்ததையும் அந்த அகராதி பதிந்திருக்கிறது. சிறையில் அழுதுகொண்டே குடித்தது, பிறகு கிளப்புகளில் கேட்டு வாங்கிக் குடிப்பதாக ஆயிற்று. நம் சமையல் சாம்ராஜ்யம் விரிந்த விதம் இப்படித்தான்.

சரி, குழம்புக்கு வருவோம். ஆறு பேருக்குச் சேனை கால் கிலோ, சேப்பங்கிழங்கு 200 கிராம், சிறுகிழங்கு 150 கிராம், சர்க்கரைவள்ளி ஒன்று, பரங்கிக்காய் ஒரு கீற்று, வாழைக்காய் ஒன்று, பச்சை மொச்சை ஒரு பிடி. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் சேனையைத் தொடாதீர்கள். சேனையிலும் சேம்பிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. அரிப்புக்குக் காரணம் அதுதான். அந்த ஊசிகளுக்கு மாற்றாகத்தான் புளித்தண்ணீரில் கிழங்கை வேக வைக்கிற வழக்கம். புளிங்கறி என்ற சமையல் முறை ஏற்பட்டதில் ருசிக்கு மட்டுமின்றி இந்தத் தேவைக்கும் பங்கு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. பழைய சேனை புதிய சேனையை விடச் சாது. தோண்டிச் சில வாரம் கிடந்ததை வாங்குவது நல்லது. டில்லியில் ஜிமிகந்த், மும்பையில் சூரண், கொல்கத்தாவில் ஓல் என்று கேட்டால் கிடைக்கும். சேம்பு டில்லியில் அர்பி, கொல்கத்தாவில் கொச்சு.

சேப்பங்கிழங்கைத் தனியே அரைவேக்காடாக அவித்துத் தோலுரித்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு முழுக்க வழவழப்பாகிவிடும். சிறுகிழங்கை ஒரு சாக்குத் துணியில் போட்டுத் தேய்த்தால் பாதித் தோல் போகும். மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, மஞ்சள்பொடி, உப்பு சேர்த்து முதலில் சேனையும் வாழைக்காயும் மொச்சையும். பாதி வெந்ததும் சிறுகிழங்கு. பிறகு சர்க்கரைவள்ளியும் பரங்கியும். கடைசி இரண்டும் அவசரக்காரர்கள், முன்னாலே போட்டால் கரைந்து காணாமல் போவார்கள். தாளகமானால் துவரம்பருப்பு, பச்சரிசி, எள் ஒவ்வொன்றும் இரண்டு தேக்கரண்டி, மிளகாய் வற்றல் ஆறு, தேங்காய்த் துருவல் கால் மூடி வறுத்து அரைத்து விட வேண்டும். எள் மணம் தூக்கலாக இருந்தால்தான் அது தாளகம். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதி வெளியிட்ட பிறகு, கல்யாணமாகி டில்லிக்கும் பம்பாய்க்கும் போன பெண்கள் பெட்டியில் அந்தப் புத்தகத்தை வைத்து அனுப்பியது வழக்கமாயிற்று. பண்டிகைச் சமையல் அம்மா வாயிலிருந்து அச்சுக்குப் போனது அப்போதுதான்.

சிறுகிழங்கு கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு துப்பு. தீபாவளி முடிந்த வாரத்தில் டில்லியிலும் கொல்கத்தாவிலும் பீகார்க்காரர்கள் சட் பூஜைக்குச் சாமான் வாங்குகிற கடைகளில் போய்ப் பாருங்கள். கரும்பு, இஞ்சிச் செடி, மஞ்சள் செடி, சர்க்கரைவள்ளி இவற்றோடு, மண் நிறத்தில் மெல்லிய வேர்முடி ஒட்டிய சின்னக் கிழங்குகள் குவித்திருப்பார்கள். சுத்னி என்பார்கள். அதுதான் நம் சிறுவள்ளிக்கிழங்கு. பாரி மலையின் வள்ளிக்குச் சொந்தக்காரன். மார்கழிவரை காற்றாட வைத்திருந்தால் கெடாது. அதைப் படைக்கிற நாள் கார்த்திக மாதத்து வளர்பிறைச் சஷ்டி. நம் கந்த சஷ்டியும் அதே திதிதான், சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகும். அங்கே வணங்கப்படுகிற சட்டி மாதாவை முருகனின் தேவியான தேவசேனையாகச் சொல்கிற வழக்கமும் பீகாரில் உண்டு. தேவசேனைக்கு உரிய நாளில் வள்ளியைப் படைக்கிறார்கள் என்று இதை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சிக் கோட்டை கட்டிவிடலாம். கட்ட வேண்டாம், இரண்டு நாட்டாரும் மழைக்காலம் முடிந்து கிழங்கு கைக்கு வந்ததும் சாமிக்குக் காட்டினார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும். யமுனைக் கரையில் வள்ளி கிடைக்கிறது என்பதே நமக்குப் பெரிய சேதி.

உருளைக்கிழங்கு வழக்குக்கு என் தீர்ப்பு இதுதான்: ஆசாரத்தின் பேரில் அதைத் தடுக்க ஆதாரம் இல்லை; சர்க்கரைவள்ளிக்கு அனுமதி கொடுத்தவர்கள் அந்த வாதத்தைத் தோற்றுவிட்டார்கள். ஆனால் சிறுகிழங்குக்குப் பதிலாக அதைப் போடாதீர்கள். எட்டாவதாகப் போடுங்கள். ஏழு கிழங்குக்கும் கடைக்குப் போய்த் தேடி, கேட்டு, கடைக்காரரை அலுப்படித்த பிறகு, குழந்தைகளுக்காக எட்டாவதாக ஒன்று.

ஆசை இருப்பவர்கள் ஒரு தடவை இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அமெரிக்கக்காரர் மூவரையும் வெளியே எடுத்துவிடுங்கள். சர்க்கரைவள்ளிக்குப் பதில் வள்ளி, பரங்கிக்குப் பதில் வெண்பூசணி, மிளகாய்க்குப் பதில் இரண்டு தேக்கரண்டி மிளகு. எள்ளும் தேங்காயும் துவரம்பருப்பும் பழையவைதான், அப்படியே இருக்கட்டும். தித்திப்பு குறைந்து, காரம் நாக்கின் நுனியில் சுரீரென்று பிடிக்காமல் தொண்டையில் மெதுவாக ஏறும். நிறம் சிவக்காது; கறுப்பும் பழுப்புமாக, பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். அம்பாசமுத்திரம் கோயிலில் புளிங்கறி என்று படைத்தது ஏறக்குறைய இந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

எந்தக் குழம்பானாலும் அதை அன்றைக்கே தீர்த்துவிடாதீர்கள். மிச்சத்தை மறுநாள் கல்சட்டியில் விட்டு, இருந்தால் களிக்குச் செய்த கூட்டையும் அதிலேயே கொட்டி, சிறு தீயில் சுண்ட வையுங்கள். திருநெல்வேலிக்காரர்கள் எரிச்ச குழம்பு என்பார்கள். அதில் எது சேனை, எது சேம்பு, எது கடல் தாண்டி வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்த சாதத்துக்கு இரண்டு கரண்டி போதும்.